பார்க்கிங் வரைக்கும் போன உடையப்பன்

அபுதாபி முசஃபாவில் எங்கள் தொழிலாளர் கேம்பில் உடையப்பன் அண்ணன் அளவுக்கு ஊர் சுற்றியவர் யாரும் கிடையாது. ஹத்தா, ஜெபல் ஜைஸ், ஹஃபீத் மலை, கல்லாய் இறுகிப்போன மணல்மேடு, பூநாரை ஏரி என்று காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய எல்லா இடங்களுக்கும் பத்துத் தடவையாவது போயிருப்பார். ஆனால் ஒன்றையும் பார்த்ததில்லை.

அவர் எங்கள் கேம்ப் பஸ் டிரைவர். சிவகங்கைப் பக்கத்து ஆள், வயது நாற்பத்தொன்பது. வாரத்தில் ஆறு நாள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து முப்பது பேரை சைட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு கம்பெனி எங்களை டூர் அனுப்பும்போது அதற்கும் அவரே டிரைவர். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியதும் திரையை இழுத்துவிட்டுக் கடைசி சீட்டில் நீட்டிப் படுத்துவிடுவார். எந்த மலையடிவாரத்தில் மூன்று மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். மலையைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

அவர் மனைவி கனகா அதைத்தான் கேட்டார். முதல் வருடம் நான் எடுத்த போட்டோ ஒன்றை அண்ணன் அவருக்கு அனுப்பிவைக்க, "நேர்ல பாக்க எப்படிங்க இருந்துச்சு?" என்று உடனே போன் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் போய்த் தூங்கினேன் என்று எந்த ஆம்பிளை சொல்வான்? திரும்பும் வழியில் நாங்கள் பேசிக்கொண்டு வந்ததை எடுத்துவிட்டார். அப்புறம் ஒவ்வொரு டூருக்கும் ஒரு வர்ணனை. ஹஃபீத் மலை உச்சியில் பூநாரைகள் வரிசையாக நிற்கும் என்று அவர் போனில் சொன்னதை நானே காதால் கேட்டேன். ஏரியும் மலையும் அவருக்கு அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகள், அவ்வளவுதான்.

பதினோரு வருடம் இப்படியே ஓடிவிட்டது. போன ஜனவரியில், மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, கனகா அண்ணி ஒரு மாத விசிட் விசாவில் வந்து இறங்கினார். கேம்புக்குப் பக்கத்தில் ஷாபியாவில் ஒரு அறை பிடித்திருந்த அண்ணன், மறுநாளே என்னைத் தேடி நான் வேலை பார்க்கும் ஸ்டோருக்கு வந்தார்.

"பாலகுரு, ஒவ்வொரு எடமாக் காட்டுங்கன்னு நிக்கிறாடா. அடுத்த ஞாயிறு ஷவ்கா டூருக்கு அவளும் வர்றா. நான் ஒண்ணையும் பாக்கலன்னு தெரிஞ்சா என்னை என்னான்னு நெனப்பா? அவகிட்ட நான் பெருமையாச் சொல்லிக்கிட்டதே இது ஒண்ணுதான்."

பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. ஷவ்காவில் மலைப்பிளவுக்குள் மழைத்தண்ணீர் தேங்கிய பச்சைக் குளம் இருக்கிறது. அதற்குப் பாதை வரைந்து கொடுத்தேன். பஸ் மூஞ்சி மலையைப் பார்த்து நிற்கும், இறங்கியதும் வலது பக்கம், இருபது நிமிட நடை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி அண்ணன் நாலு நாள் அதைப் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரமும் அண்ணன் வாய் ஓயவில்லை. "அந்தத் தண்ணியப் பாக்கணுமே, கிளி மூக்கு மாதிரி..." என்று தொடங்கி, கிளியின் மூக்கு பச்சையில்லை என்பது நினைவு வந்து, "கிளி ரெக்க மாதிரி இருக்கும்" என்று சமாளித்தார். பின்னால் முப்பது பேரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

ஆனால் டிரைவர் புத்தி போகுமா? வெளியே எடுக்கச் சுலபமாக இருக்கும் என்று வண்டியை ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். என் வரைபடம் தலைகீழானது. "வா கனகா" என்று வலது பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தார். கனகா அண்ணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். நாங்கள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இருவரும் போய் நின்ற இடம் கக்கூஸ் வாசல்.

"இதாங்க அந்தக் குளமா?"

 கதவைப் பார்த்தபடியே, திரும்பாமல் அண்ணன் சொன்னார்: "நான் இந்த பார்க்கிங்கைத் தாண்டிப் போனதே இல்ல, கனகா. எல்லா ஊருலயும் அப்படித்தான். வண்டிய நிறுத்துனதும் தூங்கிருவேன்."

வாணவேடிக்கை பார்க்கக் காத்திருந்தோம். அண்ணி சிரிக்கத்தான் செய்தார், கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வருகிறவரை. "அப்ப மலை உச்சியில பூநாரை நின்னதும் பொய்யா? போங்க, எவ்வளவு அழகாச் சொன்னீங்க! வாங்க, இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

கற்களைத் தாண்டித் தாண்டிப் போனோம். குளத்துக்கு வந்ததும் அண்ணன் செருப்பைக் கழற்றினார். பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக் காலை உள்ளே வைத்தவர் சட்டென்று வெளியே இழுத்தார். "ஜில்லுனு இருக்குடா!" என்றார். தண்ணீர் குளிரும் என்று இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருத்தரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மறுபடி காலை வைத்தார். சின்ன மீன்கள் வந்து விரலைக் கொத்தின. அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாமல், என்னிடம் கேட்டார்.

"ஏன்டா பாலகுரு, ஒரு தடவகூட என்னை எழுப்பணும்னு தோணலையா?"

"நல்லாத் தூங்குறீங்களேன்னு விட்டுட்டோம்ணே" என்றேன்.

அண்ணி என்னை ஏறிட்டுப் பார்த்தார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. டூர் முடிந்து திரும்பும்போது அண்ணன் ஸ்டீயரிங்கில் கண்ணயர்ந்துவிட்டால் எங்கள் கதி என்ன? அந்தப் பயத்தில்தான் முப்பது பேரும் அவரைத் தூங்கவிட்டோம், அது எல்லோருக்கும் தெரியும். இறங்கும்போது பஸ் கதவைச் சத்தம் வராமல் சாத்துவது என் பழக்கம். அதை அவர்மேல் எனக்குள்ள பாசம் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.