இரண்டு முடிச்சுக் கயிறு

பள்ளியில் அவளைக் கயிறக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடது மணிக்கட்டில் இரண்டு முடிச்சுப் போட்ட தடித்த கயிறு. கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் பிறந்த ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு அந்த முடிச்சுகள்தான் அவள் பெயர். தடவினால் போதும், வந்திருப்பது யார் என்று தெரிந்துவிடும்.

ஆயா வேலைக்கு வந்தவள் அவள். குழந்தையின் கையைப் பிடித்து இழுக்காதே, உன் கையை அதன் கைக்கு அடியில் கொடுத்துக் காத்திரு என்று பயிற்சியில் சொன்னார்கள். சொன்னவர்கள் போய்விட்டார்கள், காத்திருந்தது இவள். எட்டு மாதம் கடியும் கீறலும் வாங்கிய பிறகு, ஒரு நாள் அந்த இறுகிய முஷ்டி இவள் கைமேல் விரிந்தது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு புது உத்தரவு வந்தது: சான்றிதழ் இல்லாதவர்கள் குழந்தைகளைத் தொடக் கூடாது. ‘கைக்கு அடியில் கை வைப்பதன் நோக்கம் யாது?’ என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். அவளுக்கு அதைச் செய்யத் தெரியும், எழுதத் தெரியாது. கோட்டை விட்டாள்.

சான்றிதழோடு வந்த புது டீச்சரைக் குழந்தை அண்டவிடவில்லை. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளோ நெருங்கிவிட்டது.

“அந்தக் கயித்தைக் கழட்டி இவங்க கையில கட்டிவிடுங்க,” என்றார் தலைமையாசிரியை.

“அது ஏமாத்துறது இல்லையா, மேடம்?”

“சமையல்கட்டு வேலையாவது வேணுமா, வேண்டாமா?”

அவளே கட்டிவிட்டாள். முடிச்சு மேல்பக்கம் வருகிற மாதிரி, பார்த்துப் பார்த்து. பாவி.

அதிகாரிகள் வந்த அன்று, குழந்தை டீச்சர் கையிலிருந்த முடிச்சைத் தடவிச் சிரித்தது. தாவிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகர்ந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. மறுபடி முடிச்சைத் தடவியது, மறுபடி முகர்ந்தது. பிறகு இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டது. நாலடி தள்ளி நின்று கயிறக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு அமைதியா இருக்கா பாருங்க,” என்று மெச்சிவிட்டுப் போனார்கள் வந்தவர்கள்.

மூன்று வாரம் குழந்தை யாருக்கும் கை கொடுக்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. கடைசியில் சமையல்கட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். கயிறக்கா ஈரக்கையைத் துடைத்து, கயிற்றை வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடினாள். பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டிக் காத்திருந்தாள்.

குழந்தை குனிந்து அந்தக் கையை முகர்ந்தது. அவளேதான் என்று அதற்குத் தெரிந்தது. மெல்ல ஒரு விரலை நீட்டி முடிச்சைத் தொட்டது. தொட்டதும், விரலை இழுத்துக்கொண்டு கையை மறுபடி அக்குளுக்குள் செருகிக்கொண்டது.