ஜெயபாரதியின் ஊர் அறிவிப்பு

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில் ஜெயபாரதியின் முகத்தைவிடக் குரலைத்தான் எல்லாருக்கும் நல்லாத் தெரியும். சேக் தாவூது பாயின் மைக் செட் ஆட்டோவில் உட்கார்ந்து, "ஊர் அறிவிப்பு, கவனிங்க!" என்று அவள் ஆரம்பித்தால், அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். யார் வீட்டுச் சாவு, எப்போது கரண்ட் நிற்கும், வாய்க்காலுக்குத் தண்ணி என்றைக்கு, எல்லாம் அவள் வாயால் வரணும். நல்லா விசாரிக்காமல் மைக்கைத் தொட மாட்டாள்.

தேர்தல் வந்தால் நிற்கிற எல்லாருக்கும் அதே குரல்தான். சும்மா சொல்லக் கூடாது, தேனொழுகப் புகழ்வாள். ஆனால் அப்போது ஆரம்பம் வேறே: "வாக்காளப் பெருமக்களே!" ஊர் சிரித்துக்கொண்டே தன் வேலையைப் பார்க்கும். ஏழைகளின் தோழன், தங்கமான மனுசன் என்பதெல்லாம் அவரவர் அபிப்பிராயம். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

வினை அவள் அண்ணன் ராஜ்குமார் உருவத்தில் வந்தது. அப்பா போன பிறகு அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தவன், தீபாவளிச் சீரைத் தவறவிடாதவன். ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றான். பூட்டுச்சாவிச் சின்னம். அவளும் சந்தோஷமாகத்தான் கத்தினாள்.

ஒருநாள் வந்து, "பாரதி, நாளைக்கு 'ஊர் அறிவிப்பு'ன்னே ஆரம்பி. வெள்ளிக்கிழமை நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வருது, ராஜ்குமார் பேசி வாங்கிட்டாருன்னு சொல்லு" என்றான்.

"நெசமா வருதாண்ணே? யாரு சொன்னா?"

"அதிகாரியப் பாத்துப் பேசியிருக்கேன். விடுவாங்கன்னுதான் எனக்குத் தோணுது."

"தோணுதா? அப்ப தண்ணி வாங்கித் தரப் பாடுபடுவாருன்னு தொண்டை கிழியக் கத்துறேன். வருதுன்னு சொன்னா ஜனங்க விதை தெளிச்சிடுவாங்கண்ணே."

"கூடப் பொறந்தவ பேசுற பேச்சா இது?" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான்.

போனவன் சும்மா இருந்தானா? பாரதியைப் போலவே பேசும் வெளியூர்ப் பெண் ஒருத்தியின் குரலைப் பதிவுசெய்து, "ஊர் அறிவிப்பு, கவனிங்க!" என்றே தெருத்தெருவாக ஓடவிட்டான். பாரதிதான் சொல்கிறாள் என்று நம்பிக் கீழத்தெருக்காரர்கள் விதை தெளித்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தது, தண்ணி வரவில்லை. விதையெல்லாம் புறாவுக்குப் போனது. "ஏம்மா, நீயா சொன்னே?" என்று அவளிடம் வந்து கேட்டார்கள். இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது?

அண்ணன் தோற்றான். "என்னைத் தோக்கடிச்சவ நீதான்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தீபாவளிக்குச் சீர் வரவில்லை. அவள் பலகாரத்தைத் தொடவே இல்லை, உட்கார்ந்து அழுதாள்.

பிறகு தண்ணியும் வந்தது, ஊரும் மறுபடி விதைத்தது. பயிர் நன்றாக நின்ற நேரத்தில் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றான் ராஜ்குமார்.

"ஆத்துக்கரை கசியுது பாரதி. மண்ணு பேந்து விழுது. ஓடி ஓடிச் சொல்லிட்டேன், போன்லயும் சொல்லிட்டேன். 'இதுவும் உங்க வெள்ளிக்கிழமைத் தண்ணியா'ன்னு சிரிக்கிறாங்க. நீ சொன்னாத்தான் வருவாங்க."

போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம். அதற்குள் கரை போய்விட்டால்? போகாமல் சொல்லி, அது பொய்யாகிவிட்டால்? ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கும் குரல், இதோடு சரி.

"நீங்க கண்ணால பாத்தீங்களாண்ணே?"

சுருக்கென்று பட்டிருக்கும் அவனுக்கு. முகம் சிவந்தது. ஆனால் கோபப்படவில்லை.

"பாத்தேன்மா. கசிவுல கைய வச்சுப் பாத்தேன்." கை முழங்கை வரைக்கும் சேறு.

தாவூது பாய் ஆட்டோவைக் கிளப்பினார். ராஜ்குமார் ஒதுங்கி நின்றான். தன் பேரைச் சொன்னால் ஒருத்தனும் வரமாட்டான் என்று அவனுக்குத் தெரியும்.

"ஊர் அறிவிப்பு, கவனிங்க! ஆத்துக்கரை கசியுது. சாக்கு, மம்பட்டி எடுத்துக்கிட்டு உடனே வாங்க." மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். "நான் பாக்கல. பாத்துட்டு வந்து சொன்னவரு என் அண்ணன் ராஜ்குமார். அவரு சொன்னத நான் நம்புறேன்."

கீழத்தெருவில் முதல் கதவு திறந்தது. சாக்கோடு ஒருத்தர் இறங்கி நடந்தார், பின்னாலேயே இன்னும் பலர். ராஜ்குமார் சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் கரையைப் பார்த்து ஓடினான்.