அடியில் இருந்த டின்

மகளின் பால்மாவைக் காலாவதித் திகதி பார்க்காமல் நான் வாங்குவதில்லை. அன்று கடையில் உயரமாக அடுக்கியிருந்த டின்களில், பிந்திய திகதி உள்ளது அடியில் இருந்தது. அதை இழுத்தேன். மேலிருந்தவை சரிந்தன. அங்கே வேலை செய்யும் பெண் பாய்ந்து வந்து, பக்கத்தில் நின்ற மகளை அணைத்துக் குனிந்தாள்.

“புள்ளைக்குப் படல்லதானே அக்கா?” என்று கேட்டவளின் விரல் ஒன்று டின் விழுந்து வளைந்திருந்தது.

முதலாளி ஓடிவந்தார். “ஒழுங்கா அடுக்கத் தெரியாதா புள்ள உனக்கு?”

நான் இழுத்ததைக் கண்டிருந்தும் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இழுத்த டின்னுக்குக் காசைக் கொடுத்து, அழுத மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுவாரம் போய் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன்.

“இப்ப சொல்லி என்ன தங்கச்சி? அந்தப் புள்ளய வேலையால நிப்பாட்டிட்டன்.”

அந்த டின் பத்தே நாளில் முடிந்துபோனது. மேலிருந்தவற்றில் எந்தத் திகதியாக இருந்தாலும் மகளுக்குப் போதுமாகத்தான் இருந்திருக்கும்.