இரண்டே முக்கால் மணி நேரத்தில் துபாய்

எனக்கு யாரையும் எளிதில் நம்பத் தெரியாது. கண்டக்டர் கிழித்துத் தரும் டிக்கெட்டைக்கூட இரண்டு முறை பார்ப்பேன். தம்பியின் விமான டிக்கெட்டையும் அப்படித்தான் பார்த்தேன். திருச்சியில் காலை பத்து மணிக்கு ஏறி, துபாயில் பகல் பன்னிரண்டே முக்காலுக்கு இறங்க வேண்டும் என்று போட்டிருந்தது.

கொல்லிமலையில் நாங்கள் கிலோமீட்டரை நம்புவதில்லை. மலை விளிம்பில் நின்றால் அடிவாரத்துப் புளியஞ்சோலை ஊர் காலுக்குக் கீழே தெரியும். நடந்து இறங்கினால் இரண்டு மணி நேரம். பஸ் என்றால் எழுபது வளைவு இறங்கி, மலையைச் சுற்றிப் போய்ச் சேர அரை நாள். அதனால் எத்தனை மணி நேரம் என்பதுதான் எங்களுக்குத் தூரம். எங்கள் ஊரிலிருந்து சேலம் போகவே மூன்று மணி நேரம் ஆகும்போது, கடல் தாண்டிப் போக இரண்டே முக்கால்தானா? தம்பியை வேலைக்கு அனுப்பும் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன்.

"மூவாயிரம் கிலோமீட்டருங்க. நாலேகால் மணி நேரம் பறக்கோணும். அங்க மணி ஒன்றரை மணி நேரம் பின்னாடிங்க, அதான்."

மாட்டிக்கொண்டவன் சொல்கிற பதில் மாதிரியே இருந்தது. ஆளை மும்பையில் இறக்கிவிட்டுத் துபாய் என்று சொல்லிவிடுவார்கள் என ஊரில் பேச்சு உண்டு. ஏமாந்தவன் வெட்கப்பட்டு வாய் திறக்க மாட்டானாம்.

தம்பி போய்ச் சேர்ந்தான். ஏசி போட்ட கடையில் சாமான் அடுக்கும் வேலை என்றான். தினமும் வேலை முடிந்து குளித்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து வீடியோவில் பேசுவான். பின்னால் வெறும் சுவர். அந்தச் சுவர் மும்பையிலும் இருக்கும்.

ஏஜெண்ட் சொன்னது நிஜமென்றால், இங்கே இருட்டும்போது அங்கே வெயில் இருக்க வேண்டும். "ஏழு மணிக்குக் கூப்பிடறேன், வெளிய வந்து வானத்தைக் காட்டு சாமி" என்றேன்.

"கடைக்குள்ள போன் உடமாட்டாங்கக்கா."

மூன்று நாள் இதே சாக்கு. நாலாம் நாள், "காட்டலைன்னா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஏஜெண்ட் ஊட்டு வாசல்ல போய் உக்காந்துருவேன்" என்றேன்.

அன்று ஏழு மணிக்கு எங்கள் மரவள்ளிக் காடு இருட்டிவிட்டது. போனிலோ கண் கூசும் வெயில். சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறான் என்று மனசு குளிர்ந்தது. அதற்குள் அவன் கை நழுவி, போன் அவன் பக்கம் திரும்பியது. தலையில் மஞ்சள் ஹெல்மெட். பின்னால் பாதி எழும்பிய கட்டடமும் சாரமும். முகம் கருத்து, உதடு வெடித்து, சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. இத்தனை நாளும் ஊரைத்தான் சந்தேகப்பட்டேன், அவன் சொன்ன வேலையைச் சந்தேகப்படவே இல்லை. என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அம்மாகிட்டச் சொல்லிராதீங்கக்கா" என்றான். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனை அணைத்தேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தார். "ஊரு சரிதானா கண்ணு?"

"துபாய்தாங்கம்மா."

"கடைக்குள்ள நல்லாத்தான இருக்கான்?"

"சட்டைகூடக் கசங்கலைங்கம்மா" என்றேன்.