நவாப் வராத இருபத்தைந்து நாள்

எனக்குப் பூனையைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை இளகிய மனசுக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. முப்பத்தோரு வருஷம் வேங்கிக்கால் அலுவலகத்தில் பழைய கோப்புகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே வேலை பார்த்தவன் நான். கோதண்டராமன் என்றால் சிடுமூஞ்சி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டு பீபி ஜானைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், பூனையைத் தொடாமல் சொல்ல வழியில்லை.

செங்கம் சாலையிலிருந்து பிரிகிற சந்தில் எங்கள் இரண்டு வீடும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே இரும்பு கேட். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேட் கிறீச்சிட்டால், பத்தில் எட்டு தடவை அது பீபி ஜானாகத்தான் இருக்கும். ஓர் இடத்தில் கால் நிற்காது அவருக்கு. காலையில் மீன் மார்க்கெட், அப்புறம் தான் தைத்த பள்ளிச் சீருடைகளை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பது, மத்தியானம் ரேஷன் கடை. வரிசையில் எவனாவது நடுவில் புகுந்தால் அவ்வளவுதான். அவர் போடுகிற சத்தத்தில் புகுந்தவன் மட்டுமல்ல, அவனுக்கு முன்னால் நியாயமாக நின்றவனும் ஒரு அடி பின்னால் போவான். நானே போயிருக்கிறேன்.

கணவர் அன்வர் பாஷா நேர் எதிர். கேஸ் அடுப்பும் குக்கரும் பழுது பார்க்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் ஜாஸ்தி. அதில் எட்டு வார்த்தை பூனையோடு. குக்கர் வந்த அட்டைப் பெட்டியில் எங்கிருந்தோ வந்து படுத்திருந்த மஞ்சள் குட்டி அது. மீன் போட்டால் வால் துண்டைத் தொடாது, நடுத்துண்டுதான் வேண்டும். அதனால் நவாப் என்று பெயர் வைத்தார். ஒன்பது வருஷம் ராத்திரியில் அவர் காலடியில்தான் அது தூங்கியது.

தை மாதக் கடைசியில் அன்வர் பாஷாவுக்கு மாரடைப்பு வந்தது. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவர்கள் பெண் ரூக்ஸார் என்னிடம் வந்து விளக்கினாள். "அம்மா இத்தாவுல இருக்காங்க அங்கிள். பிறைக் கணக்குல நாலு மாசம் பத்து நாள் வெளிய வர மாட்டாங்க. வெளி ஆம்பளைங்க யாரும் பாக்கவும் கூடாது. எதாவது சொல்லணும்னா கதவாண்ட நின்னு பேசுங்க." புருஷனை இழந்தவர்கள் அனுசரிக்கிற முறை அது. நான் பெரிதாகத் தலையாட்டினேன். பாதிதான் புரிந்தது. மீதியைக் கேட்க கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

வாசலில் பச்சைத் திரை ஒன்று தொங்கியது. கால் நிற்காத மனுஷி அதற்குப் பின்னால் உட்கார்ந்தார். ரூக்ஸார் நாற்பது நாள் கழித்து ஆம்பூருக்குத் திரும்பினாள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. சொந்தக்காரப் பெண்கள் வந்து போனார்கள். ஒரு நாள் நான் திரைக்கு வெளியே நின்று, "கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"கஷ்டந்தாண்ணே. ஆனா அவருக்காக நான் இன்னா பண்ணேன்? எப்பப் பாரு ஊரச் சுத்திக்கினே இருந்தேன். இத ஒண்ணயாவது கொறையில்லாம இருந்து முடிக்கிறேன். நவாப் தொணைக்கு இருக்கான், போதும்."

தொண்ணூற்று இரண்டாம் நாள் சித்ரா பௌர்ணமி வந்தது.

பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் பூனைகளுக்கு ஆகாத நாள். சாலை முழுக்க ஜனம், ஒலிபெருக்கி, ஹாரன். அன்றைக்கு கேட்டைச் சாத்தியே வைப்பது வழக்கம். ஆனால் சித்ரா பௌர்ணமிக்கு நான் வருஷா வருஷம் கிரிவலம் வருகிறவர்களுக்கு நீர்மோர் கொடுப்பேன். சமையல் ஆட்கள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயுமாக இருந்தார்கள். கேட் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டு உயிரை வாங்கியது. எரிச்சலில் ஒரு செங்கல்லை எடுத்துக் கேட்டுக்கு அண்டைகொடுத்து வைத்தேன். நான்தான் வைத்தேன். வேறு யாரும் இல்லை.

சாயங்காலம் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நவாப காணோம்ணே."

"எங்கயாவது கட்டிலுக்கு அடியில பாருங்கம்மா. கூட்டத்துக்குப் பயந்துக்கினு படுத்திருக்கும்" என்றேன். எனக்குச் செங்கல் ஞாபகம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் தேடிப் போனேன். சாலை முழுக்கக் காகிதத் தட்டும் கப்பும். இருநூறு அடி கூட நடக்கவில்லை. ஓரத்தில் கிடந்தது. ஏதோ வண்டி அடித்துப் போட்டிருந்தது. மஞ்சள் உடம்பு, நவாப்புக்கு இருந்த அதே கிழிந்த இடது காது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

தோளில் இருந்த துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், காலி மனை ஒன்றில் வேப்பமரத்தடியில் புதைத்தேன். தோண்டும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. வியர்வை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும்போது முழுக்க உண்மையைச் சொல்வதாகத்தான் வந்தேன். திரைக்கு முன்னால் நின்றதும் நாக்கு புரண்டுவிட்டது.

"கெடைக்கலம்மா. தேடுறேன்."

பதினோரு எழுத்துப் பொய். அதற்கு வட்டி கட்டியது இருபத்தைந்து நாள்.

தினமும் காலையில் பீபி ஜான் ஒரு தெருப் பெயரைச் சொல்வார். இன்றைக்குச் சன்னதித் தெரு, நாளைக்கு மார்க்கெட் பக்கம். நான் போவேன். அதுதான் வேடிக்கை. மண்ணுக்குள் கிடக்கிற பூனையைத் தேடி, வெயிலில் குடையோடு, ஒவ்வொரு தெருவாக உண்மையிலேயே போய்விட்டு வந்தேன். போகாமலே போனேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு பொய்யே தாங்க முடியவில்லை, இன்னொன்றுக்கு எங்கே போவது? என் மனைவி ராணியம்மாளிடம் நாலாம் நாளே சொல்லிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொல்லித் தொலைங்களேன். செத்ததுன்னு தெரிஞ்சா அழுதுட்டு விட்டுடுவாங்க. இப்பிடித் தெனம் சாவடிக்கிறீங்களே."

"நீ சொல்லேன்."

"செங்கல் வச்சது நானா?"

குடையை எடுத்துக்கொண்டு அன்றைய தெருவுக்குக் கிளம்பினேன்.

திரைக்குப் பின்னால் குரல் நாளுக்கு நாள் இளைத்தது. நவாப்பின் தட்டில் மீன் அப்படியே காய்ந்து கிடப்பதாக ராணி வந்து சொன்னாள். இடையில் ஜன்னல் கதவு சின்னதாகத் திறந்து, என் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவது எனக்குத் தெரியும். பார்க்காதது போல நடப்பேன்.

நூற்றுப் பதினேழாம் நாள் காலையில் மீன்காரி ஜோதியம்மாள் குட்டையைக் குழப்பினாள். "அடி அண்ணாமலையில டீக்கடையாண்ட ஒரு மஞ்சப் பூன நிக்குதும்மா. அச்சு அசல் உங்க நவாப் மாதிரியே இருக்குது" என்று உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள். நல்ல மனசுக்காரிதான். ஊருக்கு நல்லது செய்கிறவர்களால்தான் எனக்குப் பாதிச் சங்கடம்.

அவள் போன கையோடு பீபி ஜான் என்னைக் கூப்பிட்டார். குரலில் பழைய ரேஷன் கடை வேகம்.

"அண்ணே, நாளைக்குக் காலைல எனக்கு ஒரு ஆட்டோ சொல்லுங்க."

"எதுக்கும்மா?"

"அடி அண்ணாமலைக்கு. நானே போறேன். நான் கூப்ட்டாதான் அவன் வருவான், உங்கள கண்டா ஓடிடுவான்."

"இத்தாம்மா? இன்னும் பதினோரு நாள்தானே."

"ஒடையட்டும்ணே" என்றார். "அவருக்கு இன்னா பதில் சொல்றதோ நான் சொல்லிக்கிறேன். அவரு வுட்டுட்டுப் போன ஒரே உசுரு அது. இங்க குந்திக்கினு நாள எண்ண என்னால முடியல."

நூற்றுப் பதினேழு நாள். வாசல் தாண்டாமல், வளையல் போடாமல், ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் அந்த மனுஷி கட்டிக் காத்தது. செத்துப் புதைத்த பூனைக்காக நாளைக்கு உடையப் போகிறது. அதுவும் என் வாயால். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருங்கம்மா, இப்பவே நான் ஒரு தரம் போயிட்டு வந்துடறேன்" என்றேன். கோழை.

ஷேர் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலை போனேன். டீக்கடையில் மஞ்சள் பூனை இருந்தது. நவாப்பில் பாதி கூட இல்லை, மூன்று குட்டி போட்ட தாய். கடைக்காரர் இளவரசனிடம் விஷயத்தைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஒரு குட்டிய எடுத்துக்கினு போங்க சார். பால் மறந்துடுச்சு. கைல குடுத்துட்டு அப்புறம் விஷயத்த சொல்லுங்க."

"பொட்டைக் குட்டியா வேணும்" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

காரணத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஒரு குட்டியைத் தூக்கி வாலுக்கடியில் பார்த்து, "பொட்டைதான், சந்தேகமே வேணாம்" என்றார். துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அது கத்தியது. ஆட்டோவில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அண்ணாமலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திரைக்கு முன்னால் நின்றபோது மத்தியானம் மூன்று மணி.

"பீபிம்மா."

"வந்துட்டீங்களா? அவனா?" குரல் திரைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. அங்கேயே காத்திருந்திருக்கிறார்.

பைக்குள் குட்டி கத்தியது.

"இது நவாப் இல்ல" என்றார். "இது குட்டி. நவாப் எங்கண்ணே?"

சொன்னேன். பௌர்ணமிக்கு மறுநாள் காலையிலிருந்து, துண்டில் சுற்றியது, வேப்பமரம், எல்லாம். ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி பொய் வந்துவிடும் என்று பயம்.

"இருபத்தஞ்சு நாளா?"

"ஆமாம்மா. கேட்டுக்குச் செங்கல் வச்சதும் நாந்தான்."

"தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஜன்னல்லருந்து பாத்தேன். நீங்க செங்கல் வச்சதயும் பாத்தேன், அவன் வாலத் தூக்கிக்கினு வெளிய போனதயும் பாத்தேன்." குரல் உடைந்தது. "ஒரு சத்தம் போட்டிருந்தா நீங்க புடிச்சிருப்பீங்க. அத்தன ஆம்பளைங்க நின்னுக்கினு இருந்தாங்க. இத்தாவுல இருந்துக்கினு எப்பிடிக் கத்தறதுன்னு வாய மூடிக்கினேன். ஊரே கேக்கக் கத்துற நானு. அன்னைக்கி ஒரு நாளு மட்டும் வாய மூடிக்கினேன்."

இருபத்தைந்து நாளாக ஒரே குற்றத்தை இரண்டு பேரும் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து சுமந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. வியர்வை என்று சொல்ல இந்தத் தடவை தோன்றவில்லை.

"அவரத் தூக்கிக்கினு போனப்பவும் நான் வாசப்படியோட நின்னுட்டேன்" என்றார். "எங்க வச்சாங்க, எப்பிடி வச்சாங்கன்னு பாக்கல. இவனையும் பாக்கல. எப்பிடிண்ணே வச்சீங்க?"

"ஒருக்களிச்சுப் படுக்க வச்சேம்மா. தூங்குற மாதிரி. வால உள்ள சுருட்டி வச்சேன்."

"செரி" என்றார். "அந்தக் குட்டிய எடுத்துக்கினு போங்க. வேணாம்."

எனக்குப் பதற்றத்தில் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. "இல்லம்மா, பயப்படாதீங்க. ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதுன்னு ரூக்ஸார் சொல்லுச்சு. அதனால நல்லா விசாரிச்சுப் பொட்டைக் குட்டியாத்தான் பாத்து எடுத்தாந்தேன். இத்தாவுக்கு ஒண்ணும் ஆகாது."

திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து பையை உள்ளே இழுத்தது. அதைப் பார்த்தது தப்போ என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். குட்டி கத்துவது நின்றது. திரும்பவும் கத்தியது.

"அண்ணே."

"இன்னாம்மா?"

"இது ஆம்பளக் குட்டி."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த இளவரசன் மட்டும் கையில் கிடைத்திருந்தால்! "கொடுங்கம்மா, மாத்தி எடுத்தாறேன்" என்று நான் உளறும்போதே உள்ளே ஏதோ சத்தம் கேட்டது. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பு. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், ரேஷன் கடை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. நடுவில் அது அழுகையாகவும் மாறியது, திரும்பச் சிரிப்பாகவும் வந்தது. என்னவோ ஏதோ என்று எங்கள் வீட்டிலிருந்து ராணி ஓடி வந்து நின்றாள்.

"ஆட்டோ சொல்லணுமாம்மா?" என்று மெல்லக் கேட்டேன். கேட்காமல் போக முடியவில்லை.

"ஆட்டோ எதுக்கு?" மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ராணிகிட்ட கொஞ்சம் பால் வாங்கியாங்க, வெதுவெதுன்னு. நான் எங்கயும் வர முடியாது இல்ல. இன்னும் பதினோரு நாள் இருக்குது."