லாசே குடித்த கோப்பை

வீப்கே லூடர்ஸுக்கு ஓய்வு தேவை என்று குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்தார். செலவை ஏற்கக் காப்பீட்டு நிறுவனம் முதலில் மறுத்தது. அவள் மறுபடி விண்ணப்பித்து, தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அழுதும் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டது. ஓய்வு வாங்கவே இவ்வளவு தெம்பு வேண்டுமென்றால், நிஜமாகவே களைத்துப்போன தாய் ஒருத்திகூட ஓய்வு இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

நவம்பரில், ஐந்து வயது மகன் லாசேயை அழைத்துக்கொண்டு, பால்ட்டிக் கடலோரத்தில் இருந்த தாய்-சேய் ஓய்வு இல்லத்துக்கு மூன்று வாரம் தங்க வந்தாள். பீலஃபெல்டில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. வீட்டுச் சமையலறையில் குடும்ப நாள்காட்டி ஒன்று தொங்கும். அவளுக்கும் கணவன் ஹென்னிங்குக்கும் லாசேக்கும் ஆளுக்கொரு பத்தி. அவளுடைய பத்தியில் மட்டும் மற்ற இருவரின் வேலைகள் எழுதியிருக்கும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: யாரும் கூப்பிடாத ஒரு பகல் தூக்கம். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இல்லம் கொடுத்தது. காலையில் கைக்கோல்களோடு கடற்கரை நடை. பிறகு முதுகுக்குப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து காகித விளக்குக்கூண்டு ஒட்டும் வகுப்பு. பரபரப்பைக் குறைப்பது எப்படி என்ற சொற்பொழிவுக்கு எல்லோரும் ஓடி வந்தார்கள். தாமதமாக வந்தால் திட்டு விழும்.

தளர்வுப் பயிற்சி நடத்தியவர் டோபர்ஸ்டைன். விரிப்பில் படுத்து, வலது கை கனமாகிறது என்று நினைக்கச் சொன்னார். இடது கைக்கு வருவதற்குள் வீப்கே தூங்கிவிட்டாள். அவர் தோளைத் தட்டினார்.

"லூடர்ஸ் மேடம், இங்க தூங்கக் கூடாது. இது தளர்வுப் பயிற்சி."

"தளர்ந்துதாங்க தூங்கிட்டேன்."

"தூங்கிட்டா, தளர்ந்திருக்கீங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது, எதிரே உட்காரும் இன்னொரு தாய் கெசீனே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்: "வீட்ல இருந்தாலாவது ஆபீசுக்குப் போய்க் கொஞ்சம் உக்காந்திருப்போம். இங்க அதுக்கும் வழியில்லையே?"

மாலையானால் ஹென்னிங் கூப்பிடுவான்.

"நல்லா ரெஸ்ட் எடுக்கறியா? தொந்தரவு பண்ணல. கம்பளி ஸ்வெட்டரை எத்தனை டிகிரியில துவைக்கணும்?"

"முப்பது."

"ஓ. நான் அறுபதுல போட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கறே?"

"அடுத்த தடவைக்கு."

இரண்டாவது வாரம் வியாழக்கிழமைப் பிற்பகல் அவளுக்கு வகுப்பு எதுவும் இல்லை. லாசே குழந்தைகள் பிரிவில் இருப்பான். அந்தப் பிற்பகலை அவள் யாருக்கும் சொல்லாமல், மிட்டாயை ஒளித்து வைப்பதுபோல் வைத்திருந்தாள். வியாழன் காலை, காலுறையை மாட்டும்போது லாசே வாந்தி எடுத்தான்.

சொன்னால் குழந்தைகள் பிரிவில் சேர்க்க மாட்டார்கள். தாயும் பிள்ளையும் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது. தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்த கெசீனே, "ஒரு தடவை எடுத்ததெல்லாம் வாந்தியா? வாயத் தொடச்சு அனுப்பிடு," என்றாள். ஆனால் இப்படி வாயைத் துடைத்துப் பிள்ளையை அனுப்பும் அம்மாக்களை வீப்கே பீலஃபெல்டில் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறாள். வேறு வழியில்லாமல் நேர்மையாக நடந்துகொண்டாள்.

மால்க்கே சிஸ்டர் வந்து கதவில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். "எல்லா வகுப்பும் ரத்து. சாப்பாட்டை வாசல்ல வச்சுட்டுத் தட்டுவாங்க. உள்ள யாரும் வர மாட்டாங்க. ரொம்ப வருத்தமா இருக்கு, மேடம்."

கைநழுவிப் போன பிற்பகலை நினைத்து வீப்கே கொஞ்சம் அழுதாள். லாசே போர்வைக்குள் சுருண்டு தூங்கினான். அவளும் பக்கத்தில் சாய்ந்தாள். கண் விழித்தபோது ஜன்னலில் இருட்டு. வாசலில் சூப் ஆறிப்போயிருந்தது. யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை.

சற்று நேரம் யோசித்துவிட்டு ஹென்னிங்குக்கு எழுதினாள்: "தொற்று. தனிமை. பேச முடியாது." தொலைபேசி வழியாகக் கிருமி பரவாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. "ஜாக்கிரதை" என்று பதில் அனுப்பினான்.

மறுநாள் லாசே கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தான். சிஸ்டர் முகக்கவசத்தோடு வாசலிலேயே நின்றார். "கடைசியா எடுத்ததுலேர்ந்து ரெண்டு நாள் கழிச்சு வெளிய விடுவோம். எப்ப எடுத்தான்?"

வீப்கேயின் நேர்மை நேற்றோடு தீர்ந்துபோயிருந்தது. "இன்னிக்குக் காலைல."

"நான் எடுக்கல," என்றான் லாசே, குதித்தபடியே.

சிஸ்டர் பையனைப் பார்த்தார். பிறகு, தலையணை மடிப்பு பதிந்திருந்த அம்மாவின் கன்னத்தைப் பார்த்தார்.

"காய்ச்சல் வேகத்துல பிள்ளைங்களுக்கு மறந்துடும்."

"எனக்குக் காய்ச்சலே இல்லையே."

"பாத்தீங்களா, அதையும் மறந்துட்டான். ஞாயித்துக்கிழமை பாப்போம், மேடம். நல்லாத் தூங்குங்க."

அன்று மாலை கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். செருப்பில்லாமல், கம்பளிக் காலுறையோடு கெசீனே நின்றாள். கையில் மகள் டோம்மா. சிவந்த கன்னம், வாயில் ஆப்பிள்.

"இவ முகம் கொஞ்சம் வெளிறின மாதிரி இல்ல?"

"இல்லையே. நல்லாத்தானே இருக்கா."

"அதான் கவலையா இருக்கு." கெசீனே தாழ்வாரத்தின் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "லாசே குடிச்ச கோப்பை இருக்கா? கழுவாதது."

வீப்கே உள்ளே போனாள். மேசையில் கோப்பை இருந்தது. அடியில் சாமந்தித் தேநீர் கொஞ்சம். அதைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, ஈரம் போகத் துடைத்தாள். பிறகு மிகக் கவனமாக, கோப்பையின் காதைப் பிடித்து நீட்டினாள்.

"பாத்து. நிறைய வேண்டாம்."

மறுநாள் காலை கெசீனேயின் கதவிலும் சிவப்பு அட்டை தொங்கியது. கோப்பை அங்கிருந்து பக்கத்து அறைக்குப் போனது. அங்கிருந்து எதிர் அறைக்கும். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரிடம் அட்டை தீர்ந்துவிட்டதால், அவர் கதவுகளில் சிவப்புத் துணித் துண்டுகளைக் கட்டினார். கீழே டோபர்ஸ்டைனின் கூடத்தில் விரிப்புகள் மட்டும், அவர் பல வருடம் சொல்லித் தந்தபடி, முழுக்கத் தளர்ந்து கிடந்தன.