அட்சதை அரித்த வண்டி

பின்கதவைத் தூக்கியதும் அந்தக் குட்டி இருக்கைதான் முதலில் கண்ணில் பட்டது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டை விற்றுவிட்டு, டெக்சாஸில் இருக்கும் மகளிடம் போய்விட அத்தை முடிவெடுத்திருந்தார். கராஜில் தார்ப்பாய்க்கடியில் கிடந்த அவருடைய பழைய ஸ்டேஷன் வேகன் கார் காயலான் கடைக்குப் போக வேண்டியதுதான். உள்ளே ஏதாவது மறந்துபோய்க் கிடக்கிறதா என்று பார்க்கப் போனவள், வண்டியின் கடைசியில் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும் அந்த இருக்கையை விரித்து உட்கார்ந்தேன். முட்டி மோவாயில் இடித்தது. அப்போதுதான் தோன்றியது: இதை ஏன் மறுபடி ஓட வைக்கக் கூடாது? கார் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான். ஆனாலும் தோன்றிவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அமெரிக்காவை நான் முதன்முதலில் பார்த்தது அந்த இருக்கையிலிருந்துதான், அதுவும் பின்பக்கமாக. கோயம்புத்தூரிலிருந்து நெவார்க் விமான நிலையத்தில் வந்து இறங்கிய எங்களை அத்தைதான் அழைத்துப் போனார். விலகி விலகிப் போகும் சாலையையும், பின்னால் வந்த லாரிக்காரர் எனக்குக் கையசைத்ததையும் பார்த்துக்கொண்டே வந்தேன். மடியில் தயிர்சாத டப்பா. "மொதல்ல சாப்புடு கண்ணு. அமெரிக்கா எங்கயும் ஓடிப் போயிராது" என்று முன்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. யாருக்கு உறவானாலும், ஊரிலிருந்து வரும் புதுக் குடும்பம் முதல் நாள் வெறும் அபார்ட்மென்ட்டில் போய்ப் படுக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். அவரே போய் அழைத்து வருவார். அவர் வீட்டில் தூங்கி எழுந்த பிறகுதான் மற்றதெல்லாம். பிளெய்ன்ஸ்பரோ, ஐசலின் பக்கத்துத் தமிழர்களிடையே அந்த வண்டிக்கு 'ஏர்போர்ட் வண்டி' என்றே பெயர். அப்பா கார் ஓட்டப் பழகியதும் அதில்தான். பிறகு அத்தை மகள் அதில் கல்லூரிக்குப் போனாள். அதன் பின் கராஜ்.

என் திட்டத்தைக் கேட்டதும் அத்தை சிரித்தார். "எனக்கு முட்டி மாத்துன மாதிரி அதுக்கும் மாத்தப் போறியாக்கும்? வீடு கைமாறுற வரைக்கும் வெச்சுக்க. அதுக்குள்ள ஓடலைன்னா உட்ரு கண்ணு. வயசாச்சுன்னா போகத்தான் வேணும்." கடைசி வாக்கியத்தை அவர் வண்டியைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்பாவும் நானும் வார இறுதிகளில் அங்கேயே கிடந்தோம். பேட்டரி, பெட்ரோல் பம்ப், வெடித்துப்போன குழாய்கள் எல்லாம் மாற்றியதும் இன்ஜின் இருமிக்கொண்டே உயிர் பிடித்தது. அப்பா விசில் அடித்தார். ஆனால் ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதியை எடுத்தால், துருப்பிடித்த ஓட்டை வழியே கராஜ் தரை தெரிந்தது. வெல்டிங் செய்பவர் கறாராகச் சொல்லிவிட்டார்: தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடிக்காமல் தகடு அடித்துப் பயனில்லை, நாலு மழை பெய்தால் இதுவும் போகும்.

முன்கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். வைப்பருக்கு அடியில் உள்ள பள்ளத்தில் அது வடியாமல் தேங்கி, பிறகு உள்பக்கமாக இறங்கியது. கம்பியை வளைத்து விட்டுக் கிளறினேன். மஞ்சள் படிந்த அரிசி வந்தது, கல்லாக இறுகிப்போய். கூடவே சாமந்திக் காம்புகள். மறுபடி கிளறினால் மறுபடி அரிசி.

ஆயுத பூஜை! அந்த வண்டியில் வந்து இறங்கிய குடும்பங்கள் எல்லாம் வருஷா வருஷம் அத்தை வீட்டு டிரைவ்வேயில் கூடும். சந்தனம், குங்குமம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம். அப்புறம் ஆளுக்கு ஒரு பிடி அட்சதை. "கண்ணாடி மேல போடுங்க, அதுதான வண்டிக்கு மூஞ்சி!" என்று ஊக்கியவர் வேறு யாருமில்லை, என் அப்பா. நன்றி சொல்ல வந்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து வண்டியின் வடிகாலை அடைத்திருந்தார்கள்.

கை நிறைய அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். "அத்தை, இதப் பாருங்க. இதுதான் உங்க வண்டில ஓட்டை போட்டது."

பெட்டிகளுக்கு நடுவே நின்று பார்த்தவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "அடப்பாவிகளா, வாழ்த்தி வாழ்த்தியே அரிச்சுப் போட்டீங்களா!" பின்னாலேயே வந்த அப்பா, "அக்கா, நான் கொஞ்சமாத்தான் போட்டேன்" என்றார். "நீயா? நீ படியில அளந்து போட்டவனாச்சே!" சிரித்து முடித்து, அந்த அரிசியை என் கையிலிருந்து வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். குப்பையில் போடவில்லை.

அரிசியை முழுக்கத் தோண்டி எடுத்து, தகடும் அடித்தாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி மேல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. விமான டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டார் அத்தை. டெக்சாஸ் வரைக்கும் அவர் முன்னால் உட்கார, நானும் அப்பாவும் மாற்றி மாற்றி ஓட்டப் போகிறோம்.

நேற்று அத்தை வண்டியைச் சுற்றி வந்து, பின்கதவைத் தூக்கி, குட்டி இருக்கையை விரித்தார். பெல்ட்டை இழுத்தார். நைந்த நுனி கையோடு வந்தது. "இதைய ஏன் மாத்தல?"

"அங்க யாரும் உக்காரப் போறதில்லீங்களே அத்தை."

"மக வீட்டுல இருந்து ஏர்போர்ட் அரை மணி நேரந்தானாம், விசாரிச்சுட்டேன். ஊருல இருந்து வர்றவங்க குழந்தைங்களோட வர மாட்டாங்களா?"

அந்த பெல்ட் இப்போது எங்கும் தயாராவதில்லை. சனிக்கிழமை பென்சில்வேனியாவில் ஒரு பழைய வண்டிக் கிடங்கில் தேடப் போகிறேன்.